கிருபை சரிதான், நைட் ட்யூட்டி பார்த்தது யாரு?

"எல்லாம் கர்த்தருடைய கிருபை."

இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. நானும் சொல்பவன்தான். செமஸ்டரில் அரியர் விழாமல் தப்பித்தபோது சொல்லியிருக்கிறேன். தக்கலை பக்கம் பைக்கிலிருந்து விழுந்து எலும்பு முறியாமல் எழுந்தபோதும் சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்க கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு வாத்தியாரோ நர்ஸம்மாவோ ரிட்டயர் ஆகி, வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கும்போது மட்டும் இதே வாக்கியம் வேறொரு வேலை பார்க்குது. முப்பது வருஷத்து உழைப்பை ஈரத்துணி போட்டுத் துடைச்சு எடுத்துடுது.

அப்பா 2024ல ரிட்டயர் ஆனார். அம்மா 2025ல. சொந்தத்திலும் தெருவிலும் இதே வயசுக்காரங்க நிறைய. ரெண்டே வருஷத்தில் ஏழெட்டு கூட்டத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்ட அனுபவத்தில் சொல்றேன் மக்களே, நிகழ்ச்சி நிரல் எல்லா இடத்திலும் ஒண்ணுதான். ஒரு பாட்டு. ஒரு ஜெபம். போதகர் ஐயா செய்தி. இன்னொரு நீளமான ஜெபம் (இதை யாராவது ரிட்டயர்டு தலைமையாசிரியர்கிட்ட குடுத்துட்டா அன்னைக்கு பிரியாணி ஆறிப்போகும்). அப்புறம் சால்வை. அப்புறம் சுவர்க்கடிகாரம். முப்பது, முப்பத்தஞ்சு வருஷமா கடிகாரத்தைப் பார்த்து ஓடினவங்களுக்கு எதுக்கய்யா இன்னொரு கடிகாரம்? கடைசியா பிள்ளைகளோட சாட்சி. "எங்க அப்பா அம்மாவோட முழங்கால் ஜெபம்தான் எங்களை இந்த நிலைமைக்குக் கொண்டு வந்தது." ஆமென். அல்லேலூயா. சாப்பாடு.

ஒரு நிமிஷம். முழங்கால்னு சொன்னீங்கள்ல, அங்கேயே கொஞ்சம் நிற்போம்.

எங்க அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் தேய்ஞ்சு போச்சு. பத்து வருஷமா முழங்கால் போட முடியாது, நாற்காலியில உட்கார்ந்துதான் ஜெபம் பண்றாங்க. அந்த முழங்கால் ஜெபத்தில் தேயலை. வார்டில் நின்னு நின்னு தேய்ஞ்சது. 1991ல் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸா சேர்ந்தாங்க. ராத்திரி ட்யூட்டின்னா சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் மறுநாள் காலை ஏழுக்கு இறங்கணும். ஒரு வார்டுக்கு ரெண்டு நர்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒருத்தர். கட்டில் முப்பது, ஆள் ஐம்பது, மீதிப்பேர் தரையில் பாய் விரிச்சு. தரையில் கிடக்கிறவருக்கு ஊசி போடணும்னா குனியணும், உட்காரணும், எழும்பணும். முழங்கால் தேய்ஞ்ச கதை இதுதான். சாட்சி சொல்ற பிள்ளை இதைச் சொன்னா கர்த்தர் கோபிச்சுக்குவாரா என்ன?

கிறிஸ்துமஸ் லீவு பத்தியும் சொல்லிடறேன். 2011 கணக்கெடுப்புப்படி எங்க மாவட்டத்தில் நூத்துக்கு 46 பேருக்கு மேல் கிறிஸ்தவங்க. நர்ஸ்கள் மத்தியில் இன்னும் கூடத்தான் இருக்கும்னு நினைக்கிறேன், போய் எண்ணிப் பார்க்கலை. டிசம்பர் 25க்கு எல்லோருக்கும் லீவு வேணும்னா நோயாளியை யார் பார்க்கிறது? சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க. அம்மாவுக்கு அந்தச் சீட்டில் ராசியே கிடையாது. 2004 கிறிஸ்துமஸ் ராத்திரியும் ட்யூட்டிதான். 26ஆம் தேதி, ஞாயித்துக்கிழமை, காலையில வீட்டுக்கு வந்து படுத்தாங்க. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு லேண்ட்லைனுக்கு போன். கடல் ஊருக்குள்ள வந்துட்டுன்னு. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி... பேர்களை நீங்க பேப்பரில் படிச்சிருப்பீங்க. அம்மா படிக்கலை, பார்த்தாங்க. தூங்காத கண்ணோட திரும்பப் போனவங்க செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தாங்க. வந்து ஒண்ணும் பேசலை. சேலையைத் தனியா ஒரு வாளியில ஊறவெச்சாங்க, குளிச்சாங்க, தூங்கினாங்க. அடுத்த ஞாயிறு சபையில், நம்ம ஊர் தப்பிச்சதுக்கு விசேஷ ஸ்தோத்திரம் ஏறெடுத்தாங்க. நல்ல விஷயம். அந்த ரெண்டு நாளும் ஆஸ்பத்திரியில் நின்ன நாலஞ்சு நர்ஸ்கள் அதே சபையில், அதே பெஞ்சில் இருந்தாங்க. ஒருத்தர் பேரும் யாரும் சொல்லலை.

"மனுஷனைப் புகழ்ந்தா தேவ மகிமை குறைஞ்சிடும்"னு இதுக்கு ஒரு பதில் ரெடியா வெச்சிருப்பாங்க. அப்படியா? பவுலடியார் ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. நம்மில் பாதிப்பேர் வெறும் பேர் பட்டியல்தானேன்னு தாண்டிப் போற அதிகாரம் அது. மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள்னு வரிசையா பெண்கள். ஒவ்வொருத்தர் பேருக்குப் பக்கத்திலும் அவங்க பட்ட பிரயாசத்தைக் குறிச்சு வெச்சிருக்கார். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதிக்கு நேரடியாகவே நன்றி சொல்றார். கிருபையைப் பத்தி பவுலை விட அதிகமா எழுதினவர் யாரு? அவருக்கே ஆட்கள் பேரைச் சொல்லி நன்றி சொல்றதில் சங்கடம் இல்லை. நம்ம ஊர்க் கூட்டத்துக்குத்தான் சங்கடம்.

இதில் இன்னொரு வேடிக்கை. வெளியே இருக்கிற சிலர் எங்க ஆட்களைப் பார்த்து வேற மாதிரி சொல்வாங்க. "உங்களுக்கென்ன, மிஷன்காரன் பள்ளிக்கூடம் குடுத்தான், ஆஸ்பத்திரி குடுத்தான், படிச்சீங்க, வேலைக்குப் போனீங்க." குடுத்தாங்க, இல்லைன்னு சொல்லலை. ரிங்கல்தௌபே 1806ல் மயிலாடிக்கு வந்தார், 1809ல் அங்கே கோயில் எழும்பிச்சு. நெய்யூரில் மிஷன் வைத்தியம் 1838ல் தொடங்கிச்சு. 1820களில் நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கத்துக்குடுத்தாங்க. கத்துக்குடுத்தது அம்மையார். கண்ணு நோக நோகப் பின்னினது யாரு? வெளியே இருக்கிறவன் "வெள்ளைக்காரன் போட்டது" என்கிறான். உள்ளே இருக்கிறவர் "கிருபை" என்கிறார். ரெண்டு பேரும் சேர்ந்து நடுவில் ஒரு ஆளைக் காணாம அடிச்சுட்டாங்க. அந்த ஆள்தான் எங்க அப்பா.

அப்பா கதை பெரிசா ஒண்ணும் இல்லை, அதாவது அவர் சொன்னா அப்படித்தான் சொல்வார். அரசு உதவிபெறும் மிஷன் ஆரம்பப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர். 1988ல் சேர்ந்தப்போ அந்தப் பணியிடத்துக்கு அரசு ஒப்புதல் வரலை. நாலு வருஷம் நிர்வாகம் குடுத்த சில நூறு ரூபாய்தான் சம்பளம். அதுவும் மூணு மாசத்துக்கு ஒருதரம். அந்த நாலு வருஷமும் குடும்பத்தைத் தாங்கினது நாப்பது சென்ட் ரப்பர். விடிகாலை நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கிட்டு மரம் வெட்டப் போவார். எழுபது, எண்பது மரம். வெயில் ஏறிட்டா பால் சீக்கிரம் நின்னுடும், அதனால இருட்டிலேயே வெட்டணும். வெட்டி முடிச்சு, குளிச்சு, வேட்டி மாத்தி, பள்ளிக்கூடத்து மணி அடிக்கிறதுக்கு முன்னாடி அங்கே நிப்பார். சிரட்டையில் சேர்ந்த பாலை எடுக்கிறது, ஆசிட் ஊத்தி உறைய வைக்கிறது, மெஷினில் குடுத்து ஷீட் அடிக்கிறதெல்லாம் பாட்டியும், நைட் ட்யூட்டி முடிஞ்சு வர்ற அம்மாவும். அரசுச் சம்பளம் வந்த பிறகும் அப்பா வெட்டை விடலை. எங்க ரெண்டு பேர் படிப்பும் ரப்பர் விலை ஏறி இறங்குறதோட சேர்ந்து ஏறி இறங்கிச்சு. என்னோட இன்ஜினியரிங் முதல் வருஷ ஃபீஸ் கூட்டுறவு சங்கக் கடன். ரெண்டாம் வருஷம் அம்மாவோட வளையல். மூணாம் வருஷம் பி.எஃப். அட்வான்ஸ். நாலாம் வருஷம் ரப்பர் கிலோ நூத்தைம்பதைத் தாண்டினதால தப்பிச்சோம். அந்த வருஷத்தை வேணும்னா கிருபைன்னு சொல்லுங்க, நானும் சேர்ந்து சொல்றேன் :-)

சரி, கூட்டம் முடிஞ்சுது. சால்வையை மடிச்சு பீரோவில் வெச்சாச்சு. அப்புறம் என்ன ஆகுதுன்னு பாருங்க, அங்கேதான் எனக்கு நிஜமாவே பத்திக்கிட்டு வருது.

அம்மா ரிட்டயர் ஆன அடுத்த வாரமே சபைச் செயலாளர் வீட்டுக்கு வந்துட்டார். கையில் ஒரு பட்டியல். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பொருளாளர் வேணும். ஞாயிறு பள்ளிக்கு ஆள் பத்தலை. வியாதியஸ்தரைப் பார்க்கப் போற குழுவுக்கு "சிஸ்டர்தான் பொருத்தம், மெடிக்கல் தெரிஞ்சவங்க." சும்மா இருக்காங்களாம், அதனாலயாம். "அரசாங்க வேலைக்குத்தான் ரிட்டயர்மென்ட், ஆண்டவர் வேலைக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது" என்கிற அந்தப் பிரசித்தி பெற்ற டயலாக்கையும் அடிச்சார். இந்த டயலாக் இல்லாம ஒரு ரிட்டயர்மென்ட் செய்தியை நான் இதுவரைக்கும் கேட்டதில்லை.

அண்ணாச்சி, எண்ணாகமம் எட்டாம் அதிகாரம் வாசிச்சிருக்கீங்களா? 24லிருந்து 26 வரைக்கும். லேவியர் இருபத்தஞ்சு வயசில் ஆசரிப்புக் கூடாரத்து வேலைக்கு வரணும், ஐம்பது வயசானதும் வேலையை விட்டுடணும்னு அங்கே இருக்கு. ஐம்பதுக்கு அப்புறம் தம்பிமாருக்குக் கூடமாட காவல் துணையா இருக்கலாம், பாரமான வேலை கிடையாது. ஆண்டவர் வேலைக்கு ரிட்டயர்மென்ட் கிடையாதுன்னு நீங்க சொல்றீங்க. ஆண்டவர் தன் வேலைக்குத்தான் ரிட்டயர்மென்ட் வயசையே எழுதி வெச்சிருக்கார்! கூடாரத்தைச் சுமக்கிற லேவியனுக்கே ஐம்பது. தமிழ்நாடு அரசு 2020 மே மாசம் ஓய்வு வயசை 58லிருந்து 59 ஆக்கிச்சு, 2021ல் 60 ஆக்கிச்சு. அந்த ரெண்டு வருஷமும் கொரோனா வருஷம்னு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஐம்பத்தஞ்சு வயசில் கவச உடைக்குள்ள வியர்வை ஊத்த ஊத்த ஏழு நாள் வேலை, ஏழு நாள் தனிமைன்னு போய் வந்தவங்க எங்க அம்மா. லேவியர் கணக்குப்படி பார்த்தா பத்து வருஷம் ஓவர்டைம் பார்த்தாச்சு. இன்னும் எந்த வேலை பாக்கி?

பட்டியலோட முடியலை. காப்பியைக் குடிச்சுட்டு மெதுவா ஆரம்பிச்சார். கோயில் கோபுர வேலை பாதியில் நிக்குதாம். ஓய்வுப் பணம் வரும்போது தசமபாகத்தை மறந்துடக் கூடாதாம்.

எங்க அம்மா தசமபாகம் குடுக்கிற விதம் தெரியுமா உங்களுக்கு? சம்பளம் போட்ட அன்னைக்கே, பிடித்தம் போகக் கைக்கு வர்றதில் இல்லை, மொத்தச் சம்பளத்தில் கணக்குப் போட்டு, பத்தில் ஒண்ணைக் கவரில் போட்டு வேதாகமத்துக்குள்ள வெச்சிடுவாங்க. கடன் தவணை கட்ட முடியாத மாசத்திலும் அந்தக் கவர் இருந்தது. இப்போ கையில் வர்ற ஜி.பி.எஃப். பணம் எங்கிருந்து வந்தது? அதே சம்பளத்தில் மாசாமாசம் பிடிச்சது. அந்தச் சம்பளத்துக்குத் தசமபாகம் ஏற்கெனவே குடுத்தாச்சு. ஒரே ரூபாய்க்கு ரெண்டு தடவை தசமபாகம்னு எந்த ஆகமத்தில் இருக்கு? வட்டிக்கு வேணும்னா கேளுங்க, பேசலாம். பணிக்கொடை வேற கணக்கு, அதுக்கு அவங்க மனசுப்படி குடுப்பாங்க, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனா தட்டில் மொத்தத்தையும் போட்டு, வெட்கப்பட வெச்சு வாங்குற வேலை வேண்டாம். இதை அந்த இடத்திலேயே செயலாளர்கிட்ட சொன்னேன். அப்பா "எதுக்கு மக்கா, விடு"ன்னார். விடலை.

இப்போ சபையைத் திட்டியாச்சுன்னு சந்தோஷப்படுற வெளிநாட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்புவோம். உங்களுக்கும் இருக்கு.

சொந்தத்தில் ஒரு சித்தி. டீச்சர். மே 31ல் ரிட்டயர் ஆனாங்க, ஜூன் கடைசியில் நியூஜெர்சியில் இறங்கியாச்சு. மருமகளுக்குப் பிரசவம். விசிட்டர் விசாவில் போனா வழக்கமா ஆறு மாசம் இருக்க விடுவாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு செட் பெற்றோர். முதலில் பையன் வீட்டார், அப்புறம் பொண்ணு வீட்டார், நர்ஸ் ட்யூட்டி மாதிரியே ஷிஃப்ட். ஊரில் சொல்லிக்கிறது, "அப்பா அம்மாவுக்கு அமெரிக்கா சுத்திக் காட்டினோம்." காட்டினாங்க. நயாகரா முன்னாடி ஸ்வெட்டர் போட்டு நிக்கிற ஒரு படம், அது எல்லோர் வீட்டு ஹாலிலும் இருக்கு. மீதி நூத்தெழுபத்தொன்பது நாளும் சமையல், குழந்தை, பாத்திரம், ஜன்னல் வழியா பனி. பேச ஆள் கிடையாது. சம்பளம் குடுத்து ஆள் வெச்சா என்ன ஆகும்னு அந்தப் பிள்ளைகளுக்கு நல்லாவே தெரியும், அதனாலதான் டிக்கெட். பேரப்பிள்ளையைக் கொஞ்சணும்னு ஆசையா போறவங்களைச் சொல்லலை. "நீ வர்றியாம்மா?"ன்னு கேட்டுக் கூப்பிடுறதுக்கும், டிக்கெட்டைப் போட்டுட்டுச் சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு.

இதே பிள்ளைகள்தான் அங்கே சபையில் மிஷனரி தாங்கும் திட்டத்துக்கு மாசாமாசம் டாலர் அனுப்புறவங்க. ஊரில் அம்மாவோட கண் ஆபரேஷனை "அடுத்த லீவில் வந்து பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போடுறவங்களும் இவங்கதான். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு இதுக்கு ஒரு பேரே சொல்லியிருக்கார்: கொர்பான். அப்பா அம்மாவுக்குப் போக வேண்டியதைக் கடவுளுக்கு நேர்ந்துட்டேன்னு சொல்லித் தப்பிக்கிறதுக்கு அந்தக் காலத்துப் பேர். பக்தியை வெச்சு பெற்றோரைக் கழட்டி விடுறவங்க மேல அவர் பட்ட கோபத்தைப் படிச்சா கொஞ்சம் பயமாவே இருக்கும். நம்ம பிரசங்கங்களில் இந்தப் பகுதி ஏன் அடிக்கடி வர்றதில்லைன்னு யோசிச்சுப் பாருங்க. இந்தியாவில் பெற்றோரைப் பராமரிக்கணும்னு 2007ல் சட்டமே போட வேண்டி வந்தது. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே ஐந்தாம் கற்பனை நம்ம வீட்டுச் சுவரில் காலண்டரா தொங்கிக்கிட்டுத்தான் இருந்தது.

இன்னும் ஒண்ணு, இதை அப்பா படிச்சா சிரிப்பார். அப்பா ரிட்டயர் ஆனப்போ நிஜமாவே ரிட்டயர் ஆனார். பேப்பர், நடை, மத்தியானத் தூக்கம். அம்மா ரிட்டயர் ஆனப்போ ஆஸ்பத்திரிதான் விட்டுச்சு, அடுக்களை விடலை. காலை ஆறு மணிக்குக் காப்பி, எட்டுக்குப் புட்டோ தோசையோ, மத்தியானம் மீன் கறி. ஓய்வு ஆணையில் அடுக்களையைச் சேர்க்க அரசாங்கம் மறந்துட்டுது போல. முப்பத்திநாலு வருஷம் சம்பளத்துக்கும், சம்பளம் இல்லாமலும் ரெண்டு வேலை பார்த்தவங்களுக்கு ஒரு வேலையில் மட்டும் சால்வை போட்டு அனுப்பினா அது பாதி ரிட்டயர்மென்ட்தானே?

நன்றின்னா என்ன செய்யணும்னு கேட்டா எனக்குத் தெரிஞ்சது இதுதான். அவங்க செஞ்ச வேலையை, வேலைன்னு பேர் சொல்லி, சபையார் முன்னாடியே சொல்லணும். எந்த வருஷம், எந்த வார்டு, எத்தனை மணி, எவ்வளவு கடன். அம்மா கூட்டத்தில் நான் சாட்சிக்கு எழும்பினப்போ அப்படித்தான் சொன்னேன். சுனாமி ராத்திரி, வளையல், மூணாம் வருஷ ஃபீஸ், கடன் அடைஞ்ச தேதி வரைக்கும். பன்னிரண்டு நிமிஷம். போதகர் ஐயா ரெண்டு தடவை வாட்சைப் பார்த்தார். பின்வரிசையில் அம்மாகூட வேலை பார்த்த ரெண்டு சிஸ்டர்மார் அழுதாங்க. பந்தல் கழி பக்கத்தில் நின்ன ஒரு பெரியவர், அம்மா வார்டில் ஒரு காலத்தில் கிடந்தவராம், தானா முன்னால வந்து "இந்தச் சிஸ்டர் எனக்கு மூணு ராத்திரி முழிச்சாங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார். அன்னைக்குச் சொன்ன சாட்சிகளில் அதுதான் சின்னது. பிரியாணி ஆறித்தான் போச்சு.

அப்புறம் சொன்னதோட விடாம, வேலையைக் குறைக்கணும். ரப்பரை ஒரு வெட்டுக்காரருக்குப் பங்குக்குக் குடுத்தாச்சு. அப்பாவுக்கு முதல் வாரம் கை பரபரத்துச்சு, நாலு மணிக்கே முழிச்சு முற்றத்தில் நடந்தார், இப்போ பழகிடுச்சு. அடுக்களைக்கு மத்தியானம் வரைக்கும் ஒரு அக்கா வர்றாங்க, அந்தச் சம்பளம் என் பொறுப்பு. காலைக் காப்பி அப்பா போடுறார். முதல் மூணு நாள் குடிக்க முடியலை, அது அவங்க ரெண்டு பேருக்குள்ள விவகாரம். செயலாளர் பட்டியலில் அம்மாவே ஒரே ஒரு இடத்தில் டிக் போட்டாங்க: பாடகர் குழு. சின்ன வயசில் பாடினது, நைட் ட்யூட்டியால விட்டது. மத்ததெல்லாம் அடிச்சுக் குடுத்தாச்சு.

அம்மா இப்போ காலை எட்டு மணி வரைக்கும் தூங்குறாங்க. பட்டியல் மறுபடி ஏதாவது இருந்தா செயலாளர் ஏழரைக்கே வரலாம், தப்பில்லை. வராந்தாவில் நாற்காலி கிடக்கு, பேப்பர் இருக்கு, அப்பா காப்பி தருவார்.